பெண்டிங் பிரபுவுக்குக் கிடைத்த இரண்டாவது சான்ஸ்

பத்து மார்க் கேள்வி ஒன்று. "வில்லியம் பெண்டிங் பிரபுவின் சீர்திருத்தங்களை விவரி." புத்தகத்தைத் திறக்காத பையன்கூட இதற்கு நாலு பாயிண்ட் எழுதிவிடுவான். சதி ஒழிப்பு, 1829. தக்கர் கொள்ளைக் கூட்டம் ஒழிப்பு. ஆங்கிலக் கல்வி, 1835. செலவைக் குறைத்து கஜானாவைச் சரிக்கட்டியது. அடிக்கோடு போட்டால் ஏழு மார்க் நிச்சயம்.

வேறு ஒரு பாடத்தில் வேறு ஒரு கேள்வி. "1806 வேலூர் புரட்சிக்கான காரணங்கள் யாவை?" இதற்கும் பதில் தெரியும். புதிய தலைப்பாகை, தோல் சின்னம், நாமமும் திருநீறும் கூடாது என்ற உத்தரவு, திப்புவின் குடும்பம்.

இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரே ஆள் நிற்கிறார் என்பது பலருக்கும் தோன்றுவதே இல்லை. சதியை ஒழித்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கும், வேலூரில் ரத்தம் ஓடியபோது சென்னையில் கவர்னராக உட்கார்ந்திருந்த பெண்டிங்கும் ஒருவரேதான். முதல் பாடத்தில் அவர் ஹீரோ. இரண்டாவது பாடத்தில் ஒரு வரியில் வந்து பதவி இழந்து போய்விடுகிறார். இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தால்தான் அந்த வாழ்க்கையின் முழுக்கதை கிடைக்கும்.

மாதனூர், ஆம்பூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கொஞ்சம் உறைக்க வேண்டும். மாதனூரில் பஸ் ஏறினால் பள்ளிகொண்டா தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் வேலூர். இறங்கி நடந்தால் அகழி, கோட்டை. காலேஜ் கட் அடித்துவிட்டு அங்கே போய் உட்காராதவர்கள் குறைவு. அந்தக் கோட்டைச் சுவர்தான் பெண்டிங் பிரபு எழுதிய முதல் பரீட்சை. அதில் அவர் ஃபெயில்.

யார் இந்தப் பிரபு?

1774 செப்டம்பர் 14-ல் பிறந்தவர். அப்பா போர்ட்லண்டின் மூன்றாவது டியூக், இரண்டு முறை இங்கிலாந்தின் பிரதமர். அம்மாவின் அப்பா டெவன்ஷயரின் நான்காவது டியூக், அவரும் பிரதமராக இருந்தவர்தான். இப்படி ஒரு வீட்டில் இரண்டாவது பையனாகப் பிறந்தால் சொத்தும் பட்டமும் அண்ணனுக்குப் போய்விடும். தம்பிக்கு மிஞ்சுவது பேருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் 'லார்ட்' என்ற மரியாதை மட்டும். பிரபுக்கள் சபையில் உட்காரும் உரிமை அதில் வராது. அதனால்தான் அவர் சாதாரண மக்கள் சபைக்குத் தேர்தலில் நின்றார்.

மரியாதை மட்டும்தான் என்றாலும் அது எவ்வளவு கதவைத் திறந்துவிடும் என்று பாருங்கள். 16 வயதில் ராணுவத்தில் அதிகாரி. 1796-ல், 22 வயதுக்குள், பார்லிமென்ட் உறுப்பினர். 1803 ஆகஸ்டில், 29 வயது நிறையும் முன்பே, சென்னை மாகாணத்தின் கவர்னர்! கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து ஒரிசா எல்லை வரை ஆளுகிற வேலை. தமிழ் தெரியாது, தெலுங்கு தெரியாது, இந்தியாவைப் பார்த்ததும் இல்லை. அப்பா பேர் தெரியும், அது போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் சோம்பேறி இல்லை. லஞ்சம் வாங்கினார் என்றும் யாரும் சொல்லவில்லை. விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை பற்றி தாமஸ் மன்றோ சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர். சீர்திருத்த ஆசை அப்போதே இருந்தது. பிரச்சினை வேறு இடத்தில்.

ஒரு கையெழுத்து

சென்னை ராணுவத்தின் தளபதி சர் ஜான் கிரடாக். சிப்பாய்களின் சீருடையை ஒழுங்குபடுத்தக் கிளம்பினார். 1805 நவம்பரில் புதிய தலைப்பாகைக்கு உத்தரவு. வடிவமைத்தவர் அக்னியூ என்ற அதிகாரி. பார்க்க வெள்ளைக்காரர் போடும் தொப்பி மாதிரியே இருந்தது, அதில் தோலால் செய்த ஒரு சின்னம் வேறு. அடுத்து 1806 மார்ச்சில் விதிமுறைப் புத்தகம் வந்தது. அதன் பத்தாவது பத்தியில், அணிவகுப்பின்போது நெற்றியில் சாதி, மத அடையாளம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், மீசையை ஒரே அளவாக வெட்ட வேண்டும் என்று இருந்தது.

அந்தப் புத்தகம் கவர்னரின் ஒப்புதலுக்கு வந்தது. ஏற்கெனவே வழக்கத்தில் இருப்பதைத் தொகுத்திருக்கிறது என்ற எண்ணத்தில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பத்தாவது பத்தி தன் கவனத்துக்கு வரவில்லை என்பதுதான் பின்னாளில் பெண்டிங் சொன்ன வாதம். பேர்தான் பெண்டிங், ஃபைலைப் பெண்டிங்கில் வைத்துப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை!

சரி, படிக்காமல் ஏற்றது முதல் தவறு என்றே வைத்துக்கொள்வோம். 1806 மே மாதமே வேலூரில் சிப்பாய்கள் தலைப்பாகையைப் போட மறுத்தார்கள். எதிர்த்தவர்களைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் சாட்டையடி கொடுத்து வேலையை விட்டு விரட்டினார்கள். தளபதிக்கே பிறகு சந்தேகம் வந்து, இந்த எதிர்ப்பு பரவலாக இருக்கிறதே, என்ன செய்யலாம் என்று அரசாங்கத்தைக் கேட்டார். இப்போது பின்வாங்கினால் கௌரவம் போய்விடும் என்று அரசாங்கம் உறுதியாக நின்றது. முதல் தவறுக்கு 'பார்க்கவில்லை' என்று சொல்லலாம். இரண்டாவது தவறு கண்ணைத் திறந்துகொண்டே செய்தது.

ஜூலை 10

வேலூர்க் கோட்டைக்குள் திப்பு சுல்தானின் பிள்ளைகள் 1799-க்குப் பிறகு குடும்பத்தோடு காவலில் இருந்தார்கள். 1806 ஜூலை 9-ம் தேதி திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். அந்தக் கூட்டத்தை மறைவாக வைத்துச் சிப்பாய்கள் ஒன்று சேர்ந்தார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல் துப்பாக்கி வெடித்தது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட 14 அதிகாரிகளும், 69-வது ரெஜிமென்டைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களும் உண்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. விடியும்போது கோட்டையில் மைசூர் சுல்தானின் கொடி பறந்தது.

தப்பிய ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டுபோனார். அங்கிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலை ஒன்பது மணி வாக்கில் வந்து சேர்ந்தார். கதவை பீரங்கியால் தகர்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோரமாக நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். அன்று இறந்த சிப்பாய்கள் 350 பேர் என்று ஒரு கணக்கு, 800 வரை போகும் என்று இன்னொரு கணக்கு. ஒரே நாள் காலையில் செத்தவர்களின் எண்ணிக்கைகூட ஒழுங்காக இல்லை.

பிறகு விசாரணை. பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டவர்கள் 6 பேர், துப்பாக்கியால் சுடப்பட்டவர்கள் 5 பேர், தூக்கில் போடப்பட்டவர்கள் 8 பேர், நாடு கடத்தப்பட்டவர்கள் 5 பேர். வேலூரில் இருந்த மூன்று சிப்பாய்ப் பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்தத் தலைப்பாகை என்ன ஆனது? ரத்து! இத்தனை உயிர் போன பிறகு, மே மாதமே செய்திருக்க வேண்டியதைச் செய்தார்கள்.

பதவி போனது, பேர் போகவில்லை

1807-ல் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் பெண்டிங்கையும் கிரடாக்கையும் திரும்ப அழைத்தார்கள். அப்போது பிரதமர் யார் தெரியுமா? பெண்டிங்கின் அப்பாவேதான். 1807 மார்ச் மாதக் கடைசியில்தான் இரண்டாவது முறையாகப் பதவி ஏற்றிருந்தார். பிரதமர் பையன் என்றும் பார்க்காமல் கம்பெனி பதவியைப் பறித்தது. சிப்பாய்களின் மனசு என்ன என்பதை விசாரிக்காமல் கடுமை காட்டியது தவறு என்பதுதான் இயக்குநர்களின் குற்றச்சாட்டு.

பெண்டிங் சும்மா இருக்கவில்லை. தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நீண்ட முறையீடு ஒன்றை எழுதினார். அது 1810-ல் லண்டனில் புத்தகமாகவே அச்சானது. வேலூரில் சாட்டையடி வாங்கிய இரண்டு பேருக்கு முறையீடு எழுத யார் இருந்தார்கள்? சுவரோரம் நின்றவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தது யார்?

அதற்கப்புறம் கதையைப் பாருங்கள். 1811-ல் பெண்டிங் சிசிலித் தீவில் பிரிட்டிஷ் படைக்குத் தளபதி, கூடவே தூதர். 1812-ல் அந்தத் தீவுக்கு இங்கிலாந்து மாதிரியில் ஓர் அரசியல் சட்டம் கொண்டுவரக் காரணமாக இருந்தார். பிறகு மறுபடி பார்லிமென்ட். 1828 ஜூலையில் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல்! எந்தக் கம்பெனி வேலையை விட்டு அனுப்பியதோ அதே கம்பெனியின் முதல் நாற்காலி. கிரடாக்கும் குறைந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவில் கேப் காலனிக்குக் கவர்னரானார், பின்னாளில் ஹவ்டன் பிரபு என்ற பட்டமும் கிடைத்தது.

இந்த வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பிரபு வீட்டுப் பிள்ளை தவறு செய்தால் அது 'அனுபவம்'. சிப்பாய் எதிர்த்து நின்றால் அது 'கலகம்'. முன்னவருக்கு இரண்டாவது சான்ஸ் உண்டு. பின்னவருக்கு முதல் விசாரணைகூட ஒழுங்காகக் கிடையாது.

அந்த சான்ஸை வீணாக்கவில்லை

இங்கேதான் சிக்கல். கிடைத்த இரண்டாவது சான்ஸை பெண்டிங் வீணடித்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் வீணடிக்கவில்லையே!

சதியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் சிதையில் மனைவி எரிவதைத் தடுக்க முந்தைய கவர்னர் ஜெனரல்களுக்குத் துணிச்சல் வரவில்லை. மதத்தில் கைவைத்தால் சிப்பாய்கள் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு உதாரணமாக இருந்ததே வேலூர். பெண்டிங்கை விட அது யாருக்கு நன்றாகத் தெரியும்? இந்த முறை அவர் படிக்காமல் கையெழுத்துப் போடவில்லை. சிப்பாய்களோடு பழகிய ராணுவ அதிகாரிகள் பலருக்கு ரகசியமாகக் கடிதம் எழுதி, தடை செய்தால் என்ன ஆகும் என்று கருத்துக் கேட்டார். நீதிபதிகளிடம் கேட்டார். பல வருஷமாக சதியை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்த ராம்மோகன் ராயுடன் பேசினார். ராய் சட்டத்தைவிட மெதுவான வழி நல்லது என்று நினைத்தார். எல்லாவற்றையும் எடைபோட்டு 1829 டிசம்பர் 4-ல் சட்டம் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் சென்னை மாகாணத்திலும் தடை வந்தது. எதிர்த்தவர்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள், 1832-ல் தோற்றார்கள். ராணுவத்தில் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

தலைப்பாகைக்கு வெடித்த ராணுவம் சதிக்கு ஏன் வெடிக்கவில்லை? ஒரு காரணம், தலைப்பாகை சிப்பாயின் தலைமேலேயே வந்து உட்கார்ந்தது, சதித் தடை அப்படி அவன் உடம்பைத் தொடவில்லை. இன்னொரு காரணம், இந்த முறை முன்கூட்டியே விசாரித்திருந்தார்கள். 1806-ல் இல்லாத அந்த விசாரணைதான் 1829-ல் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. பாடப் புத்தகங்கள் இதற்கு அதிக இடம் கொடுப்பதில்லை. 1835-ல், இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன், கம்பெனி ராணுவத்தின் இந்தியச் சிப்பாய்களுக்குச் சாட்டையடித் தண்டனை கூடாது என்று உத்தரவு போட்டார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அது தொடர்ந்தது என்பதால் பல அதிகாரிகள் கொதித்தார்கள். பத்து வருஷத்தில் அதைத் திரும்பவும் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். 1806 மே மாதம் அடி வாங்கிய அந்த இரண்டு முதுகுகள் அவர் ஞாபகத்தில் இருந்தனவா? மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் ஒரே மனிதரின் ஆட்சியில் முதலில் அந்த அடியும் கடைசியில் இந்த உத்தரவும் இருப்பது தற்செயல் மாதிரி தெரியவில்லை.

அப்படியானால் நல்லவரா, கெட்டவரா?

"வெள்ளைக்காரன் எவனும் நல்லவன் இல்லை" என்று ஒரு கட்சி. மைசூர் ஆட்சியை 1831-ல் கையில் எடுத்தவர், குடகை 1834-ல் சேர்த்துக்கொண்டவர், மெக்காலே சொன்னபடி கல்விப் பணத்தை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பியவர். எல்லாம் உண்மை. ஆனால் சிதையிலிருந்து இறங்கிய பெண்ணிடம் போய் இதைச் சொல்ல முடியாது.

"சின்ன வயசு, தளபதி ஏமாற்றிவிட்டார், பிறகு திருந்திவிட்டார், விட்டுவிடலாம்" என்று இன்னொரு கட்சி. இதுவும் சரியில்லை. திருந்துவதற்கான பாடக் கட்டணத்தை அவர் கட்டவில்லை. வேலூர்க் கோட்டைக்குள் செத்தவர்கள் கட்டினார்கள், இரண்டு பக்கத்தாரும். அவருக்குப் போனது சில வருஷ உத்தியோகம்.

வேடிக்கை என்னவென்றால், செய்யாத குற்றம் ஒன்றுதான் அவர் பேரில் ஊரெல்லாம் சுற்றுகிறது. தாஜ்மகாலை இடித்துப் பளிங்கை ஏலம் போடப் பார்த்தார் என்பார்கள். அது வதந்தி. ஆக்ரா கோட்டையில் கழற்றிப் போட்டிருந்த பளிங்குகளை விற்றதுதான் அப்படி ஊதிப் பெரிதானது என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் ரோசெல்லி விளக்கியிருக்கிறார். நடக்காத தாஜ்மகால் இடிப்பு தெரிந்தவர்களுக்கு, நடந்த வேலூரில் அவர் பங்கு தெரிவதில்லை.

ஆகவே பெண்டிங்கை ஹீரோ, வில்லன் என்று பிரிக்காமல் ஒரே ஆளாகப் படிப்பதுதான் நியாயம். கேட்காமல் போட்ட உத்தரவு கொலையில் முடிந்தது. கேட்டு, யோசித்துப் போட்ட உத்தரவு உயிரைக் காப்பாற்றியது. நல்ல எண்ணம் இரண்டு தடவையும் இருந்திருக்கலாம். வித்தியாசம் எண்ணத்தில் இல்லை, கேட்டதில் இருந்தது.

தோல் என்ற ஒரு விஷயம்

மாதனூருக்குத் திரும்பி வருவோம். 1806-ல் தலையில் ஒரு துண்டு தோலை வைக்கச் சொன்னதற்காக உயிர் போனது. மாட்டுத் தோலோ என்று இந்துவுக்குச் சந்தேகம், பன்றித் தோலோ என்று முஸ்லிமுக்குச் சந்தேகம். இன்று அதே வட்டாரத்துக்குச் சோறு போடுவதே தோல்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும்தான். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களில் எல்லா சாதியும் உண்டு, எல்லா மதமும் உண்டு. யாரும் கோட்டையைப் பிடிக்கவில்லை. அப்படியென்றால் அன்று பிரச்சினை தோல் மட்டுமே இல்லை. யார் தலையில் எது உட்கார வேண்டும் என்று அவனைக் கேட்காமல் வேறு ஒருவர் முடிவு செய்ததுதான் பிரச்சினை.

அந்தப் பழக்கம் பெண்டிங்கோடு கப்பல் ஏறிப் போய்விட்டதா? மாதனூர்ப் பாலாற்றைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தோல் கழிவு ஆற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர் மக்கள் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. 2025-லும் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 29 வருஷம்! அனுமதியில் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு ஊரில், கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போனவர் வேறு ஊரில். கையெழுத்துப் போட்டவர் மாறுதலாகி, பதவி உயர்ந்து, நல்லபடியாக ஓய்வு பெறுவார். கிணறு அங்கேயேதான் இருக்கும்.

கடைசியாக

பெண்டிங் ஊர் திரும்பிய பிறகு உண்மையான பிரபுப் பட்டம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டு கிளாஸ்கோ நகரில் தேர்தலில் நின்று 1836-ல் மறுபடி மக்கள் சபைக்குப் போனார். 1839 ஜூன் 17-ல் பாரிஸில் இறந்தார். கல்கத்தாவில் அவருக்குச் சிலை உண்டு, அதன் கல்வெட்டு வாசகம் மெக்காலே எழுதியது, பீடத்தில் சதிக் காட்சி செதுக்கியிருக்கிறது. அங்கே அவர் பேரில் ஒரு தெருவும் இருக்கிறது. அந்தத் தெரு எதற்குப் பேர் போனது தெரியுமா? தோல் செருப்புக் கடைகளுக்கு!

வேலூரில் மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. வருஷா வருஷம் ஜூலை 10-ல் மாலை போடுகிறார்கள். 2006-ல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால் தலையும் வந்தது. மற்ற நாட்களில் அதைச் சுற்றி பஸ்ஸும் ஆட்டோவும்தான்.

அடுத்த தடவை அந்தப் பத்து மார்க் கேள்வி வந்தால் சதி ஒழிப்பு, தக்கர், ஆங்கிலக் கல்வி எல்லாம் எழுதுங்கள். எழுதிவிட்டு கடைசியில் ஒரு வரி சேருங்கள்: "இவற்றுக்கான பாடத்தை அவர் வேலூரில் கற்றார், கட்டணத்தைச் சிப்பாய்கள் கட்டினார்கள்." மார்க் கிடைக்குமா என்பது பேப்பர் திருத்துகிறவரைப் பொறுத்தது. பதில் என்னவோ சரியான பதில்தான்.